ரயிலடியிலிருந்து வந்த ஆங்கில மரபுத்தொடர்கள்

மரபுத்தொடரைச் சொல் சொல்லாகப் பிரித்தால் பொருள் கிடைக்காது. அது பிறந்த இடம் தெரிந்தால் மறக்காது. மூன்றைப் பார்ப்போம்.

1. லெட் ஆஃப் ஸ்டீம்: நீராவி எஞ்சினின் கொதிகலனில் அழுத்தம் மிகுந்தால் காப்பு வால்வு திறந்து நீராவியை வெளியேற்றும். அதுபோல, அடக்கி வைத்த கோபத்தையோ துடிப்பையோ கொட்டித் தீர்ப்பது. பரீட்சை முடிந்ததும் பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடுவதும் இதுதான். 'ஸ்டீம்' முன் 'த' வராது. இறந்த காலத்திலும் 'லெட்' மாறாது.

2. ரன் அவுட் ஆஃப் ஸ்டீம்: அழுத்தம் குறைந்தால் எஞ்சின் மேட்டில் திணறி நின்றுவிடும். உற்சாகமாகத் தொடங்கிப் பாதியில் ஓய்ந்துபோவதை இது குறிக்கும். இறந்த காலத்தில் 'ரேன்'.

3. கோ ஆஃப் த ரெயில்ஸ்: தடம் புரள்வது, ஒழுங்கு குலைவது. தமிழிலும் 'தடம் புரண்டான்' என்கிறோமே! இங்கே 'த' கட்டாயம், 'ரெயில்ஸ்' பன்மை.

இந்த மூன்றாவதில் நானே மாட்டிக்கொண்டேன். ஒரு பாலப் பணி தாமதமானபோது, 'த வொர்க் ஹாஸ் கான் ஆஃப் த ரெயில்ஸ்' என்று மேலதிகாரிக்குத் தந்தி கொடுத்தேன். தளவாட வண்டி தடம் புரண்டதென்று எண்ணி, விபத்து உதவி ரயிலையே தயார் செய்துவிட்டார்கள்! வாங்கிய வசவு இன்னும் நினைவிருக்கிறது.

ஆகவே, நேர்ப்பொருளும் பொருந்தக்கூடிய இடத்தில் மரபுத்தொடர் வேண்டாம். விண்ணப்பத்திலும் அலுவலகக் கடிதத்திலும் நேர்ச்சொல்லே நல்லது. பேச்சில் தாராளமாகப் பழகலாம்.

சித்தரஞ்சன் தொழிற்சாலையில் நீராவி எஞ்சின் உற்பத்தி 1972-இல் நின்றது. சொற்கள் மட்டும் இன்னும் ஓடுகின்றன.

பயிற்சி: 'ஒரு மணி நேரத்தில் விவாதம் ஓய்ந்துவிட்டது.' எந்தத் தொடர் பொருந்தும்? பிள்ளைகளோடு சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்.