உயர்நிலைப் பாடசாலைகளை ஒப்பிடுதல்: பெற்றோருக்கான விளக்கம்

புவாண்ட்-கிளேர் நகரில் உள்ள அரச உயர்நிலைப் பாடசாலைகள் சிலவே. ஃபெலிக்ஸ்-லெக்லேர், மார்கரித்-பூர்ஜுவா கல்விச் சேவை மையத்தைச் சார்ந்த பிரெஞ்சு மொழிப் பாடசாலை. ஜோன் ரெனி, சென் தோமஸ் ஆகியன லெஸ்ரர் பி. பியர்சன் கல்விச் சபையின் கீழ் இயங்கும் ஆங்கில மொழிப் பாடசாலைகள். இவற்றுள் எது சிறந்தது என்று வினவுமுன், எதில் சேரத் தம் பிள்ளைக்கு உரிமை உண்டு என்பதைப் பெற்றோர் அறிதல் வேண்டும்.

1. தகுதி

1977ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சாசனப்படி, கியூபெக்கில் அரச பாடசாலைக் கல்வி பொதுவாகப் பிரெஞ்சிலேயே வழங்கப்படும். விதிவிலக்குகளுள் முக்கியமானவை இரண்டு. கனேடியக் குடியுரிமையுள்ள தாயோ தந்தையோ தமது ஆரம்பக் கல்வியின் பெரும்பகுதியைக் கனடாவில் ஆங்கிலத்தில் கற்றிருத்தல் ஒன்று. பெற்றோருள் ஒருவர் கனேடியக் குடியுரிமை பெற்றிருக்க, பிள்ளையோ உடன்பிறந்தவரோ தமது கல்வியின் பெரும்பகுதியைக் கனடாவில் ஆங்கிலத்தில் கற்றிருத்தல் மற்றொன்று. பெற்றோர் யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ பெற்ற ஆங்கிலக் கல்வி இதற்குக் கணக்கில் கொள்ளப்படாது. ஆனால் ரொறன்ரோவில் ஆங்கிலத்தில் கற்றபின் இங்கு குடிபெயர்ந்த பிள்ளைக்கு இவ்வுரிமை இருக்கக்கூடும். தகுதிச் சான்றிதழுக்கு ஆங்கிலக் கல்விச் சபையூடாக விண்ணப்பிக்கலாம்.

2. பாடங்கள்

உயர்நிலைக் கல்வி செக்கண்டரி 1 முதல் 5 வரை ஐந்து ஆண்டுகள் கொண்டது. டிப்ளோமா பெற 54 கிரெடிட்டுகள் தேவை. அவற்றுள் 20 செக்கண்டரி 5இல் பெறப்பட வேண்டும். இது எல்லாப் பாடசாலைகளுக்கும் பொதுவானது. வேறுபாடு பாடத் தெரிவில் உள்ளது. செக்கண்டரி 4இல் கணிதம் மூன்று பிரிவுகளாகப் பிரிகிறது. சீஜெப்பில் விஞ்ஞானம் பயில விரும்புவோருக்கு உயர் கணிதப் பிரிவுகளுள் ஒன்றுடன், செக்கண்டரி 5இன் இரசாயனவியலும் பௌதிகவியலும் அவசியம். இவை அப்பாடசாலையிலேயே கற்பிக்கப்படுகின்றனவா எனக் கேட்டறிக. பிரெஞ்சு அறியாத பிள்ளையாயின், வரவேற்பு வகுப்பு எங்கு நடைபெறுகிறது என்பதையும், அதிலிருந்து வழக்கமான வகுப்புக்கு எப்போது மாற்றப்படுவார் என்பதையும் வினவுக.

3. தரவரிசை

பத்திரிகைகளில் வரும் தரவரிசைகள் பெரும்பாலும் பரீட்சைப் பெறுபேறுகளையே அடிப்படையாகக் கொண்டவை. நுழைவுப் பரீட்சை வைத்து மாணவரைத் தெரிந்தெடுக்கும் தனியார் பாடசாலையையும், அயலிலுள்ள அனைவரையும் சேர்க்கும் அரச பாடசாலையையும் ஒரே அளவுகோலால் அளத்தல் தகாது.

4. தெரிவு செய்யும் உரிமை

கல்விச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, பெற்றோர் வேறொரு பாடசாலையை ஆண்டுதோறும் கோரலாம். எனினும் இடம் இருந்தால் மட்டுமே அனுமதி கிடைக்கும். பேருந்து வசதி உறுதியன்று. ஆகவே விண்ணப்பிக்குமுன் பிள்ளையின் பயண வழியையும் நேரத்தையும் கணக்கிடுக.