சோவின் துக்ளக்கும் சுல்தான் துக்ளக்கும்

இட்ட ஆணை மறுநாளே மாறின் ‘துக்ளக் தர்பார்’ என்று வத்தலக்குண்டுக் கடைத்தெருவிலும் நகைப்பர். வகுப்பில் முகமது என்னும் மாணவனையே அப்பெயரால் விளித்தனர், அவன் சிரிக்கவில்லை.

தலைநகரைத் தௌலதாபாத்துக்கு மாற்றிய சுல்தானின் பெயரை 1968இல் நாடகத்திற்கும் 1970இல் இதழுக்கும் சூட்டியவர், பழமை பேணும் நோக்கினரான சோ. அந்நாடகத்தில் வருபவன் மெய்யான சுல்தான் அல்லன். மக்களை ஏய்க்கும் போலி. கட்சி மாறி வருவோர்க்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி வழங்குகிறான்! எள்ளப்படுவது பதவி வேட்டையும் ஏமாறும் வாக்காளருமே.

முகமது பின் துக்ளக்கோ தத்துவமும் கணிதமும் கற்றவர். இப்னு பதூதாவைத் தில்லியில் காஜியாக அமர்த்தியவர். அவர்தம் கொடையையும் கொடுந்தண்டனைகளையும் பதூதா ஒருசேரப் பதிந்துள்ளார்.

சோவின் அரசியல் எனக்கு உடன்பாடன்று. எனினும் அந்நாடகத்தைப் பயிற்றுகையில் நானும் சிரித்துவிடுவதுண்டு. சுல்தானை மூடர் என்று விடைத்தாளில் எழுதுவோர்க்கு மட்டும் மதிப்பெண் குறைப்பேன்.