ஐப்பசி வரை பொறுக்க வேண்டாம்

தளவாய்புரம் சகோதரிக்கு,

நைட்டி தைக்க உட்கார்ந்தால் பட்டப்பகலிலேயே கணுக்காலைக் கொசு பிடுங்குகிறது, புகை மருந்து எப்போது அடிப்பார்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஐப்பசி மழை விழட்டும் என்கிறார்களாமே ஊரில்.

அதுவரை பொறுக்காதீர்கள். 2012-இல் உங்களுக்குத் தெற்கே கடையநல்லூரில் டெங்கு மூண்டது கோடையில். குழாயில் தண்ணீர் நாள் தவறி வந்தால் தொட்டியிலும் டிரம்மிலும் பிடித்து வைக்கிறோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதுவே மழைக்காலம். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் 12,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. 66 பேர் இறந்தார்கள்.

காய்ச்சல் வந்தபின் தொடங்கலாம் என்பதும் ஆகாது. முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள். நோயாளியைக் கடித்த கொசுவின் உடம்பில் கிருமி பெருக இன்னும் பத்து நாள். அது அடுத்தவரைக் கடித்து அவருக்குக் காய்ச்சல் காண மேலும் நாலைந்து நாள். ஆஸ்பத்திரியில் முதல் பெயர் எழுதும்போது நாம் மூன்று வாரம் பிந்திவிட்டோம்.

அதனால் எண்ண வேண்டியது தண்ணீரில் உள்ள கொசுப் புழுவை. நூறு வீட்டுக்குப் புழு உள்ள பாத்திரம் எத்தனை என்பதைப் பிரெட்டோ குறியீடு என்பார்கள். 5-க்குக் கீழே பயமில்லை, 50-ஐத் தாண்டினால் ஆபத்து என்பது மஞ்சள் காய்ச்சலுக்கு வைத்த பழைய கணக்கு. டெங்குவுக்கு அதை நம்பி உட்கார எனக்கு மனம் வரவில்லை. கியூபாவின் ஹவானாவில் 2000-இல் ஒவ்வொரு வீட்டுத் தொகுதியாக எண்ணிப் பார்த்தார்கள். ஒரு தொகுதியில் 4-ஐத் தொட்டாலே அங்கே டெங்கு வரும் வாய்ப்பு கூடியிருந்தது. சேத்தூர், முகவூர் என்று பக்கத்து ஊர் எல்லாம் சேர்த்துச் சராசரி சொன்னால் உங்கள் தெரு அதில் மறைந்துபோகும். உங்கள் தெருவில் 25 வீடு என்றால், ஒரே ஒரு தொட்டியில் புழு இருந்தாலே கணக்கு 4.

டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் பட்டதும் புழு நெளிந்து அடியில் இறங்கும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் கரிப்பொடி போல ஒட்டியிருப்பது முட்டை. காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தண்ணீரைக் கொட்டினால் போதாது, தேங்காய் நாரால் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தொட்டிப் புழுவைத் தொடாது.

இந்தச் சனிக்கிழமையே தெருவை எண்ணுங்கள். தையல் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதி, ஊராட்சி அலுவலகத்தில் காட்டுங்கள். முதல் வாரக் கணக்கை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்