கல்மரமும் நிலாக்கல்லும்

காடாம்புலியூர்

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. விடுதியில் உன் அறைத்தோழன் ஒரு காணொளியைக் காட்டினானாம். நெதர்லாந்துக்கு அமெரிக்கா பரிசளித்த நிலாக்கல் சோதித்துப் பார்த்தபோது வெறும் கல்மரமாகிவிட்டதாம். ஆகவே நிலாவுக்கு யாரும் போகவே இல்லையாம். "இதற்கு என்ன பதில் சொல்வது ஐயா?" என்று கேட்டிருக்கிறாய். பண்ருட்டிச் செம்மண்ணில் பிறந்து, சிதம்பரத்தில் ஜியாலஜி படிக்கிற பையன் கல்மரத்தைக் கண்டு தடுமாறலாமா என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு யோசித்தேன். கேட்காமல் தலையாட்டுகிறவனைவிட நீ தேவலாம்.

காணொளியில் பாதி உண்மை. 1969 அக்டோபரில் அப்பல்லோ 11 வீரர்கள் மூவரும் உலகம் சுற்றி வந்தார்கள், பம்பாய்க்கும் வந்தார்கள். அவர்கள் நெதர்லாந்து போன சமயத்தில் அங்கிருந்த அமெரிக்கத் தூதர் மிடன்டார்ஃப், முன்னாள் பிரதமர் வில்லெம் டிரீஸுக்கு ஒரு கல்லைக் கொடுத்தார். டிரீஸ் 1988இல் காலமான பிறகு அது ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போனது. அங்கிருந்தவர்கள் நாசாவுக்குத் தொலைபேசியில் கேட்டார்கள், இருக்கலாம் என்று பதில் வந்தது, அதோடு திருப்தியானார்கள். கல்லைக் கையில் வைத்துக்கொண்டு தொலைபேசியை நம்பிய கூட்டத்தை என்ன சொல்ல! 2006இல் கல்லைக் காட்சிக்கு வைத்தபோது விண்வெளித் துறை அறிந்த ஒருவர் சந்தேகம் கிளப்பினார். 2009இல் அந்நகரின் ஃப்ரீ பல்கலைக்கழகத்தார் சோதித்துக் கல்மரம் என்றார்கள்.

இப்போது நீயே கணக்குப் பார். அமெரிக்க அதிபர் நிக்சன் பிற நாடுகளுக்குக் கொடுத்த அப்பல்லோ 11 பரிசில் இருந்தது நாலு பொடித் துணுக்குகள். எல்லாம் சேர்ந்து 0.05 கிராம். கண்ணுக்குத் தெரியவேண்டுமே என்று அக்ரிலிக்குக்குள் பதித்து, மரப்பலகையில் அந்தந்த நாட்டுக் கொடியோடு வைத்துக் கொடுத்தார்கள். அதைத் தயாரிக்கச் சொன்னதே 1969 நவம்பரில்தான். அதற்கு முந்தைய மாதமே, பதவி விட்டுப் பதினொரு வருஷமான ஒரு பெரியவருக்கு முழுக் கல்லைத் தூக்கிக் கொடுத்திருப்பார்களா? கல்லோடு இருந்த அட்டை வீரர்களின் வருகையின் நினைவாக என்று சொன்னதே தவிர, நிலாவிலிருந்து வந்தது என்று சொல்லவில்லை. 1969இல் யாரும் பொய் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்த அட்டையே காலப்போக்கில் கல்லை நிலாவுக்கு ஏற்றிவிட்டது என்பது என் கட்சி. நெதர்லாந்து முறைப்படி பெற்ற நிலாத்துணுக்குகள் லைடன் நகரத்து பூர்ஹாவே அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. காணொளிக்காரர் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

அந்த ஆம்ஸ்டர்டாம் கல்லை நம் பக்கத்து ஆள் ஒருவர் பார்த்திருந்தால் இத்தனை ஆண்டு ஏமாற்றம் நேர்ந்திருக்காது என்று எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. திருவக்கரைக்கு நீ போயிருக்கிறாய்தானே? போகவில்லை என்றால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் போய்விட்டு வா. சங்கராபரணி ஆற்றங்கரையில், சுமார் 247 ஏக்கரில், அடிமரங்கள் கல்லாகக் கிடக்கின்றன. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுக்கு முந்தையவை. வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்தன. மணலூடே ஊறிய நீரிலிருந்த சிலிக்கா ஒவ்வொரு செல்லாகப் புகுந்து மரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆண்டு வளையமும் கணுவும் அப்படியே இருக்கும்; தட்டினால் மட்டும் கல் ஓசை. பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா புதுச்சேரிப் பக்கம் வந்தவர், 1781இலேயே இதைப் பதிவு செய்தார்.   ஊர்க்காரர்களுக்கு வேறு கதை: பெருமாள் வதைத்த வக்கிராசுரனின் எலும்புகள் இவை என்பார்கள். அங்குள்ள சிவன் பெயர் சந்திரமௌலீசுவரர். பிறை சூடியவர் காலடியில் இத்தனை கல்மரம் கிடந்தும், இன்றுவரை ஒருவர்கூட அதை நிலாக்கல் என்று சொன்னதில்லை!

அந்த மரங்கள் கிடக்கும் படிவத்துக்குப் பெயரே கடலூர் மணற்கல். நம் முந்திரித் தோப்புகள் நிற்பதும் அதன் மேல்தான். ஏறத்தாழ அதே காலத்து மரங்கள் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியாகி அனல்மின் நிலையத்துக்குப் போகின்றன, திருவக்கரையில் கல்லாகிவிட்டன. சரி, எழுதிக்கொண்டே வேறெங்கோ போய்விட்டேன்.

கல்மரம் என்பது குவார்ட்ஸ் குடும்பம். நிலாப் பாறையில் குவார்ட்ஸ் காண்பது மிக அரிது. கல்மரம் உண்டாகத் தண்ணீர் வேண்டும், மரம் வேண்டும். அங்கே இரண்டுக்கும் வழியில்லை. ஆகவே ஆம்ஸ்டர்டாம் கதை உன் அறைத்தோழனுக்கு எதிரான சாட்சி. நிலாப் பாறை எப்படி இருக்கும் என்று ஏற்கெனவே தெரிந்திருந்ததால்தானே இது அதுவல்ல என்று அடித்துச் சொல்ல முடிந்தது? அசல் எதுவும் இல்லாத ஊரில் போலியை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

அவனுடைய இரண்டாவது வாதம் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிக் கல்லை அரைத்து இஸ்ரோ நிலா மண் செய்து சந்திரயான் சோதனைக்குப் பயன்படுத்தவில்லையா, அதைப்போல நாசாவும் செய்திருக்கலாமே என்கிறான். செய்தது உண்மை. சேலம் பெரியார் பல்கலைக்கழக ஜியாலஜிக்காரர்கள் அதில் துணை நின்றார்கள். 2020இல் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் அது சக்கரம் புதைகிறதா, கால் ஊன்றுமா என்று பார்ப்பதற்கான மண். சித்தம்பூண்டிக் கல்லான அனார்த்தோசைட்டின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்தால் ஹார்ன்பிளெண்ட் என்ற கனிமம் தெரியும். ஹார்ன்பிளெண்டின் படிக அமைப்பிலேயே நீர் கலந்திருக்கிறது. நிலாக் கனிமங்களில் நீர் அநேகமாக இல்லை. அபடைட் போன்ற விதிவிலக்குகளை உன் பேராசிரியரிடம் கேள். வயதும் பொருந்தாது. சித்தம்பூண்டிக்குச் சுமார் 250 கோடி ஆண்டு. பிறகு நாடுகளுக்குக் கொடுத்த அப்பல்லோ 17 பரிசுத் துணுக்குகளை வெட்டியெடுத்த பசால்ட்டுக்கே 370 கோடி.

இன்னும் ஒன்று. காற்றே இல்லாத இடத்தில் கிடந்த கல்லின் முகமெல்லாம் நுண்ணிய குழிகள் இருக்கும். மணலைவிடச் சிறிய விண்துகள்கள் மோதி உருகிக் கண்ணாடி பூசிய குழிகள். இங்கே அந்தத் துகள்கள் அதே வேகத்தில் வளிமண்டலத்தைத் தாண்டுவதில்லை. உள்ளே காஸ்மிக் கதிர்கள் கிழித்த தடங்களும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் தேவேந்திர லால், நரேந்திர பண்டாரி, வெங்கடவரதன் முதலியோர் அப்பல்லோ மாதிரிகளில் அந்தத் தடங்களை எண்ணினார்கள். பல லட்சம் ஆண்டு வெளியில் கிடந்தால்தான் அவ்வளவு தடம் விழும். இதை எந்தப் பட்டறையில் செய்ய முடியும் என்று அவனைக் கேள். சோவியத்தின் லூனா 16 எந்திரம் 1970இல் 101 கிராம் மண் கொண்டு வந்தது. இரு நாடுகளும் மறுவருஷம் மாதிரிகளை மாற்றிக்கொண்டன. பொய்யென்றால் முதலில் ஊரைக் கூட்டியிருக்கவேண்டிய ஆள் ரஷ்யர் அல்லவா?

பரிசுக் கற்களைப் பற்றிக் கவலைப்பட்டே தீரவேண்டும் என்றால், களவு போவதைப் பற்றிக் கவலைப்படு. ஹோண்டுராஸின் அப்பல்லோ 17 துணுக்கு, சுமார் 1.1 கிராம், 1998இல் 50 லட்சம் டாலர் விலை சொல்லி விற்பனைக்கு வந்தது. வாங்குபவர்களாக வேடமிட்ட அமெரிக்க அதிகாரிகள் மீட்டார்கள். சோதித்ததில் அசல்தான். மால்டாவின் துணுக்கு 2004இல் திருட்டுப் போனது. அயர்லாந்தின் அப்பல்லோ 11 துணுக்கு 1977இல் டன்சிங்க் வானாய்வகத் தீவிபத்துக்குப் பிறகு இடிபாடுகளோடு குப்பைமேட்டுக்குப் போய்விட்டது.

அடுத்த வாரம் உங்கள் துறையில் சித்தம்பூண்டிச் சீவல் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் பார். அறைத்தோழனையும் நுண்ணோக்கிமுன் உட்கார வை. இருவருமாகப் படம் வரைந்து, ஹார்ன்பிளெண்ட் எது, பிளேஜியோகிளேஸ் எது என்று குறித்து எனக்கு அனுப்புங்கள். திருவக்கரை போனால் ஒரு சில்லுகூட எடுத்து வரக்கூடாது; அது பாதுகாக்கப்பட்ட இடம், காவலாளி சட்டைப்பையைப் பார்ப்பார்.

அன்புடன்,
உன் ஐயா