ரப்பரை வாங்கிக்கொண்ட டிராயிங் சார்

எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளைத் திட்டாதவர்கள் வடசென்னையில் இருக்க முடியாது. துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக் கிடக்கும் லாரிகள், அவற்றை ஒட்டி ஊர்ந்து போகும் எங்கள் பஸ். காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர்ப் பள்ளிக்கூடத்துக்கு நான் லேட்டாகப் போன நாள்களுக்கெல்லாம் அந்த வரிசைதான் காரணம். எட்டாம் வகுப்பில் ஒருநாள் அதே காரணத்தோடு டிராயிங் வகுப்பு வாசலில் போய் நின்றேன். சார் திட்டவில்லை.

"பஸ்ல உட்கார்ந்து வந்தியா, நின்னுக்கிட்டு வந்தியா?"

"ஜன்னலோரம் சார்."

"அப்ப லாரியெல்லாம் பார்த்திருப்ப. கடைசியில நின்ன லாரி எவ்ளோ பெருசு?"

எல்லாம் ஒரே அளவுதானே சார் என்றேன். "லாரி ஒரே அளவுதாம்மா. உன் கண்ணுக்கு எவ்ளோ பெருசு?" என்றார். பதில் தெரியவில்லை. தினமும் ஒரு மணி நேரம் பார்க்கிற சாமான், அது எப்படித் தெரிகிறது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவர் போர்டில் குறுக்காக ஒரு கோடு போட்டார். அது என் கண் மட்டம். கண்டெய்னர் 8 அடி அகலம், எட்டரை அடி உயரம், நீளம் 20 அடி அல்லது 40 அடி. உலகம் முழுக்க ஏறக்குறைய இதே கணக்குதான். ரோட்டில் நின்று பார்த்தால் லாரிமேல் இருக்கும் பெட்டியின் அடி விளிம்பு கிட்டத்தட்ட நம் கண் மட்டத்துக்கு வரும். அதனால் அது நேராகவே ஓடும், மேல் விளிம்பு மட்டும் சரிந்து இறங்கும். பஸ் ஜன்னலில் உட்கார்ந்தால் கண் மட்டம் உயரும், அடி விளிம்பும் லேசாக மேலே ஏறத் தொடங்கும். இரண்டு கோடும் தூரத்தில் ஒரே புள்ளியில் போய் முட்டும். இதற்கு பர்ஸ்பெக்டிவ் என்று பெயர் இருப்பதைச் சார் ஆறு மாதம் கழித்துத்தான் சொன்னார். அதற்குள் நான் நூறு லாரியாவது வரைந்திருப்பேன். பெயரை முதலில் சொல்லியிருந்தால் பெயரை மட்டும்தான் மனப்பாடம் செய்திருப்பேன்.

சார் முழுநேர ஆசிரியர் இல்லை. 2012-ல் தமிழக அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி சொல்லித்தர 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். அப்படி வந்தவர் அவர். மற்ற நாள்களில் கடைக்கு போர்டு எழுதுவார், லாரிக்கு நம்பர் எழுதுவார். ஃப்ளெக்ஸ் வந்து போர்டு வேலையைக் குறைத்துவிட்டிருந்தாலும் கை மட்டும் போர்டுக்காரர் கைதான். சுண்டுவிரலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கோடு இழுப்பார். நீளமான கோடு நடுங்குகிறது என்று யாராவது சொன்னால் இன்றும் நான் இதைத்தான் சொல்லித் தருகிறேன்: விரலால் வரையாதே, தோளிலிருந்து வரை.

அவர் வகுப்பில் ஒரு வினோத வழக்கம் இருந்தது. உள்ளே போகும்போதே சாக்பீஸ் டப்பாவில் ரப்பரைப் போட்டுவிட வேண்டும். மணி அடித்தால்தான் திரும்பக் கிடைக்கும். முதல் மாதம் அழுகையே வந்தது. கோணலாகப் போன கோடு கண்ணெதிரிலேயே நிற்கும். "இருக்கட்டும், அதுக்குப் பக்கத்துலயே சரியானதைப் போடு" என்பார். அழித்துவிட்டால் எவ்வளவு கோணல் என்பதும் சேர்ந்து அழிந்துவிடும். பக்கத்தில் விட்டு வைத்தால், நம் கை எப்போதும் வலப்பக்கமே சாய்கிறது என்பது மாதிரியான விஷயங்கள் பத்து நாளில் பிடிபடும். என் கை சாய்ந்தது இடப்பக்கம். நான் வரைந்த குடங்களெல்லாம் இடுப்பொடிந்தே நின்றன. அரசு தொழில்நுட்பத் தேர்வில் ஓவியம் லோயர் கிரேடு எழுதும்வரை நடுக்கோடு போடாமல் குடம் வரையவே சார் விடவில்லை. அந்தப் பரீட்சைக் குடங்களில் எனக்கு ஒரு சுவாரஸ்யமும் இருந்ததில்லை, ஆனால் கை சாய்வது நின்றது.

வகுப்புக்கு வெளியே நான் முதலில் உருப்படியாக வரைந்தது ஆயாவின் அரிவாள்மனையை. ஆயா காசிமேட்டில் மீன் விற்றவர். ஒரே பொருளை முப்பது முறை வரை என்றார் சார். நான் முறைத்தேன். அப்போதுதான் ஓவியர் ஆதிமூலத்தைப் பற்றிச் சொன்னார். காந்தி நூற்றாண்டில், 1969-ல், அவர் காந்தியைக் கோட்டோவியங்களாக வரைந்து தள்ளினார், நூறு படம். ஒரு முகத்தில் நூறு இருக்குமென்றால் ஒரு அரிவாள்மனையில் முப்பதா இருக்காது? பன்னிரண்டாவது படத்தில் அலுத்துவிட்டது. இருபதுக்கு மேல் வரைய ஒன்றுமே இல்லை என்று தோன்றியபோதுதான் மனையை மிதித்திருந்த ஆயாவின் கால் பெருவிரல் கண்ணில் பட்டது. நகம் பாதி தேய்ந்து, மரத்தின் பள்ளத்தில் அச்சாகப் பொருந்தியிருந்தது. அத்தனை வருடம் ஆயா அங்கேயே மிதித்து மிதித்து மரத்தில் விழுந்த பள்ளம் அது. அதன்பிறகு வரைந்ததெல்லாம் அந்த விரலைத்தான். அலுப்பு வந்ததும் எழுந்து போய்விடாதீர்கள் என்று நான் பிள்ளைகளிடம் சொல்வது இதனால்தான். கண் பார்க்கத் தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

காணும் பொங்கலுக்கு மெரினா போனபோது உழைப்பாளர் சிலையின் கால்களைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். சொந்தக்காரர்களெல்லாம் கட்டுச்சோற்றைப் பிரித்துக்கொண்டிருக்க, நான் சிலையிலிருந்த நான்கு பேரின் குதிகாலை நோட்டில் வரைந்துகொண்டிருந்தேன். பெரியம்மா என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். 1959-ல் அங்கே நிறுவப்பட்ட சிலை. செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, எழும்பூர் ஓவியக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர். மறுநாள் காசிமேட்டில் ஐஸ் பெட்டி ஏற்றிய வண்டியைத் தள்ளுகிறவர்களைப் பார்த்தேன். அதே குதிகால்! முழு பாரத்தையும் முன்பாதம்தான் வாங்குகிறது, குதிகால் தரையில் படுவதே இல்லை. ஆள் பாரம் தள்ளுவதை வரைய முகத்தைச் சுளிக்க வைக்கத் தேவையில்லை, குதிகாலைத் தூக்கினால் போதும்.

கடற்கரைப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. நம் கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் கரையில் நின்று பார்த்தால் சூரியன் படகுகளுக்குப் பின்னால் இருக்கும், நமக்குத் தெரிவது கறுத்த உருவம் மட்டும்தான். அப்போது பென்சிலால் வெளிக்கோட்டைப் பிடியுங்கள். மாலையில் வெயில் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து படகின்மேல் விழும். வண்ணம் தீட்ட அதுதான் நேரம். உப்புக்காற்றில் பேப்பர் நமுத்துப் போகும், பிளாஸ்டிக் கவரில் வையுங்கள். வியர்த்த உள்ளங்கைக்குக் கீழே ஒரு துண்டுத்தாள் வையுங்கள். காஸ்ட்லி பேப்பர் வேண்டாம், ஜெராக்ஸ் கடையில் ஒருபக்கம் அச்சான தாள் கேட்டால் கொடுப்பார்கள்.

போட்டிகளைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கசப்பானது. ஒன்பதாம் வகுப்பில் சுற்றுச்சூழல் தினப் போட்டி ஒன்றில் எனக்கு முதல் பரிசு. பூமி உருண்டை கண்ணீர் விடுகிற படம். நடத்தியது எங்கள் பக்கமே புகை விட்டுக்கொண்டிருந்த ஒரு நிறுவனம், பரிசு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். சார் படத்தைப் பார்த்துவிட்டு, "பூமிக்குக் கண்ணு எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டார். நடுவருக்குப் பிடிப்பதை வரையப் பழகிய கை திரும்பி வர ஒரு வருடமாவது ஆகிறது. இப்போது 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது, மேடை கிடைப்பது நல்லதுதான். ஆனால் அழும் பூமியை மட்டும் விட்டுவிடுங்கள்.

எனக்கு அந்தக் கை திரும்பியது பன்னிரண்டாம் வகுப்பில். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் கரைக்கு வந்தது. எர்ணாவூர் பாறைகளில் ஆள்கள் இறங்கி வாளியால் மொண்டு மொண்டு எடுத்தார்கள். நானும் பார்த்துவிட்டு வந்து கறுப்பு போஸ்டர் கலரை அப்பி ஒரு படம் போட்டேன். தார் ரோடு மாதிரி இருந்தது. "மறுபடி போய்ப் பாரு, அது கறுப்பா?" என்றார் சார். போனேன். கனமாக மிதந்த இடத்தில் அலை எழும்பவே இல்லை. அதன்மேல் வானம் பளபளவென்று தெரிந்தது. பாறையில் மெலிதாகப் படிந்த ஓரத்தில் டீ டிகாஷன் நிறம். கறுப்பு புட்டியைத் தூர வைத்துவிட்டு அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் அம்பரையும் கலந்தேன். நீலம் ஏறினால் வானம் விழுந்த இடம், பழுப்பு ஏறினால் பாறை ஓரம். அன்றிலிருந்து கறுப்பைக் காசு கொடுத்து வாங்குவதில்லை.

அந்தப் படத்தையும் மிச்சமிருந்த நோட்டுகளையும் எடுத்துக்கொண்டுதான் எழும்பூர் கல்லூரிக்குப் போனேன். 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கல்லூரி அது. மிச்சமிருந்த என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போட வேண்டும் என்பது சார் வைத்த சட்டம். ஏழெட்டு நோட்டு சேர்ந்திருந்தது. ஒரு தீபாவளிக்கு வீட்டை ஒழித்தபோது அம்மா அதில் ஐந்தைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டார். அரிவாள்மனைகள் முப்பதும் அதில் போயின.

இப்போது சனிக்கிழமைகளில் காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு வரையக் கற்றுக்கொடுக்கிறேன். சேர்க்க வரும் அம்மாக்களிடம் பீஸ் பற்றிப் பேசுவதற்கு முன் நான் கேட்பது ஒன்றுதான்: எவ்வளவு கிறுக்கியிருந்தாலும் நோட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். என் ஐந்து நோட்டுக்கும் சேர்த்து அம்மாவுக்குக் கிடைத்தது பதினொரு ரூபாய்.