வெறுப்பை ஈட்டிய கலைஞர்

நுழையும்முன்

கோயில் திடலில் விடிய விடிய நடைபெறும் வள்ளி திருமணம் நாடகத்தைக் கண்டு பழகியவர்கள் புதுக்கோட்டை வட்டார மக்கள். மேடையிலிருந்து திரைக்குச் சென்று புகழ்பெற்ற பி.யு. சின்னப்பா இம்மண்ணில் பிறந்தவர். இன்று நடிப்புக்கலை தொலைக்காட்சி வழியே வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டது. அங்கு நாள்தோறும் வெறுக்கப்பட்டதனாலேயே வெற்றி கண்ட ஒரு குணச்சித்திர நடிகரைப் பற்றியது இப்பாடம்.

ஜி. மாரிமுத்து தேனி மாவட்டம் பசுமலைத்தேரி என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். இயக்குநராகும் விருப்பத்தோடு சென்னை வந்து, ராஜ்கிரண், மணிரத்னம், வசந்த், எஸ்.ஜே. சூர்யா முதலியோரிடம் உதவி இயக்குநராகப் பணியாற்றினார். ‘கண்ணும் கண்ணும்’ (2008), ‘புலிவால்’ (2014) ஆகிய படங்களை இயக்கினார். எனினும் மக்கள் அவரை அறிந்தது நடிகராகத்தான். மிஷ்கினின் ‘யுத்தம் செய்’ (2011) அதற்கு வழி திறந்தது.

‘பரியேறும் பெருமாள்’ (2018) படத்தில் ஆதிக்கச் சாதிக் குடும்பத்துத் தந்தையாக வருகிறார். தம் உறவினரால் தாக்கப்பட்ட இளைஞனிடம், தம் மகளை விட்டு விலகிவிடுமாறு கண்ணீரோடு வேண்டுகிறார். அன்பும் அச்சமும் சாதிப் பற்றும் ஒரே முகத்தில் மாறிமாறித் தோன்றும் காட்சி அது. அவரைத் திட்டவும் முடியாமல், மன்னிக்கவும் முடியாமல் பார்வையாளர் தவிக்கின்றனர்.

2022 பிப்ரவரியில் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’ தொடர் அவரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. திருச்செல்வம் இயக்கிய இத்தொடரில், படித்த பெண்களை வீட்டு மருமகள்களாக்கி அடுப்படியோடு அடக்கிவைக்கும் மூத்த அண்ணன் ஆதி குணசேகரனாக அவர் நடித்தார்.

“இந்தாம்மா” என்னும் அவரது விளிப்பு நாடெங்கும் பரவியது. இச்சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். ‘இந்தா’ என்பது ஒன்றைக் கொடுக்கும்போது சொல்வது. ‘அம்மா’ என்பது மதிப்பும் பரிவும் கலந்தது. இவ்விரு நல்ல சொற்களும் சேர்ந்து, பேச வாயெடுக்கும் பெண்ணை அந்த நொடியே நிறுத்தும் அதட்டலாயின. மாற்றம் சொல்லில் இல்லை. குரலின் ஏற்ற இறக்கத்தில் இருந்தது. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாகக் கூறும் வெகுளியை, கத்தி எடுக்காமலே காட்டிய நடிப்பு இது. எழுத்தில் இதனை விளக்குவது கடினம். ஒருவர் பேசிக் காட்டினால் வகுப்பே புரிந்துகொள்ளும்!

நம் மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டியும் கற்றுக்கொடுத்தது. வண்டி ஓட்டிய பெண்களைச் சிலர் இழிவாகப் பேசினர். அவர்கள் அப்பேச்சைப் பொருட்படுத்தாமல் ஓட்டிச் சென்றனர். அந்த ஏளனக் குரலைக் கேட்டவர்களுக்குக் குணசேகரன் புதியவர் அல்லர். தம் வீட்டில் கேட்ட குரலையே திரையிலும் கேட்ட பெண்கள் பலர். அதனால்தான் திட்டிக்கொண்டே அவர்கள் தொடரைக் கண்டனர் எனலாம். குணசேகரனைச் சிரிப்பூட்டும் மனிதராக எண்ணி அவர் பேச்சைப் போற்றியோரும் உண்டு. தீமையைச் சுவைபட நடிக்கும் கலைஞருக்கு நேரும் இடர் இது.

2023 செப்டம்பர் 8 அன்று, சென்னையில் அத்தொடருக்கான குரல்பதிவில் ஈடுபட்டிருந்தபோது மாரிமுத்துவுக்கு மாரடைப்பு ஏற்பட்டது, அன்றே காலமானார். அவரது உடல் சொந்த ஊருக்குக் கொண்டு செல்லப்பட்டது. குணசேகரன் வேடத்தை எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி ஏற்றார். பழைய குரலைத் தேடியவாறே பலர் புதிய முகத்தைப் பார்த்தனர்.