மரத்தூண் நட்ட வீட்டைக் கிரயம் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

வீடு வாங்கும் குடியானவர் பத்திரத்தைப் படிக்கிறார், பட்டாவை ஒத்துப் பார்க்கிறார், வில்லங்கமும் எடுக்கிறார். ஆனால் வீட்டைத் தாங்கும் மரத்தூணின் அடியைத் தோண்டிப் பார்ப்பவர் சிலரே. கடலூர், சிதம்பரம் பகுதிகளில், பனை முதலிய மரங்களை மண்ணில் நட்டு அவற்றின்மேல் கூரை ஏற்றிய பழைய வீடுகள் இன்றும் உள. அத்தகைய வீட்டின் மதிப்பு தூணின் அடியிலேயே இருக்கிறது.

கேடு நேருமிடம்

மரத்தை மக்கச் செய்வது ஒருவகைப் பூஞ்சணம். அதற்கு ஈரமும் காற்றும் ஒருங்கே வேண்டும். கூரையின் உத்திரத்திற்குக் காற்று உண்டு, ஈரம் இல்லை. கிணற்றின் அடியிற் போடும் நெல்லிக்கட்டைக்கு ஈரம் உண்டு, காற்று இல்லை. ஆதலால் இரண்டும் நெடுங்காலம் நிற்கின்றன. இத்தாலி தேசத்து வெனிஸ் நகரமும் நீருக்கடியில் அடித்த மரமுளைகளின் மேலேயே பல நூற்றாண்டுகளாக நிற்கிறது. ஈரமும் காற்றும் கூடுமிடம் தரைமட்டமேயாம். தரைக்கு மேல் ஒரு சாணும், கீழ் ஓரடியுமே தூணின் உயிர்நிலை. கறையானும் அவ்வழியே ஏறும். சிதம்பரம் பக்கத்துக் களிமண்ணில் மழைநீர் எளிதில் வடியாதாகையால் அங்கு ஜாக்கிரதை அதிகம் வேண்டும்.

சோதிக்கும் முறை

ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டைப் பார்ப்பது உத்தமம். நீர் தேங்குமிடம் அப்பொழுது தெரியும். பின்னர், விற்பவரின் சம்மதம் பெற்று,

1. ஒவ்வொரு தூணைச் சுற்றியும் ஓரடி ஆழம் தோண்டுக. மூலைத்தூண், தாழ்வாரத்துத் தூண், குளிக்குமிடத்தை அடுத்த தூண் ஆகியவற்றை ஒருபோதும் விடலாகாது.

2. கூரிய இரும்புக் கம்பியால் குத்துக. எளிதில் இறங்கினால் மரம் மக்கியது. பனையில் வெளிவைரம் நன்றாயிருப்பினும் உட்சோறு அழிந்திருக்கக்கூடும்; தட்டினால் பொள்ளலோசை கேட்கும்.

3. சிறு சிம்பைப் பெயர்த்து ஒடிக்க. நல்ல மரம் நீண்ட நாராகப் பிளக்கும். கெட்டது துண்டாக முறியும்.

4. தூணடியில் மட்டும் புதிதாகத் தார் பூசியோ, மண் அணைத்தோ இருந்தால் சந்தேகிக்க.

பரிகாரம்

அடி மட்டும் கெட்டிருந்தால், கூரைக்கு முட்டுக் கொடுத்து, கெட்ட பாகத்தை அறுத்து நீக்கி, தரைக்கு மேல் உயர்ந்த கல் அல்லது கான்கிரீட் பாதத்தின்மீது தூணை நிறுத்தலாம். செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்கள் கல்லின்மேல் நிற்பது இக்காரணம் பற்றியே. ஆயினும் கல்லின்மேல் வெறுமனே நிறுத்திய தூணைப் பெருங்காற்று கூரையோடு தூக்கிவிடும். 2011 டிசம்பர் 30-ந் தேதி கடலூர்க் கரையைக் கடந்த தானே புயலை நாம் மறக்கவில்லை. எனவே பாதத்திற் புதைத்த இரும்புப் பட்டையுடன் தூணை மரையாணியால் பிணைத்தல் அவசியம்.

மாற்றுத்தூணை மண்ணிலேயே நட நேர்ந்தால், அழுத்தத்தால் மருந்தேற்றிய மரமே தக்கது. மேலே பூசும் தார் உள்ளே செல்லாது. செம்பு, குரோமியம், ஆர்சனிக் சேர்ந்த அம்மருந்தை 1933-ல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் கண்டவர் நம் நாட்டவரான சொண்டி காமேசம். அமெரிக்காவில் மர அஸ்திவார வீடுகள் எழுந்ததும் இத்தகைய மருந்தேற்றிய மரத்தைக் கொண்டேயாம். அது விஷமாகையால் அதன் துண்டுகளை அடுப்பெரிக்கலாகாது, மாட்டுத்தொட்டிக்கும் உதவாது.

பழுதான தூண்களை எண்ணி, தச்சரிடம் செலவு கேட்டு, அத்தொகையைக் கிரயத்தில் தள்ளிப் பேசுக. பாதிக்கு மேற்பட்ட தூண்கள் கெட்டிருந்தால் மனைக்கு மட்டுமே விலை கொடுப்பது முறை. கிராம அதிகாரிகளும் தம்மிடம் யோசனை கேட்போருக்கு இதை எடுத்துச் சொல்வாராக. ஓரடிப் பள்ளம் தோண்டும் கூலி சொற்பமே; தோண்டாமல் வாங்கிய வீட்டின் நஷ்டமோ அடுத்த புயலன்று குடும்பத்தின் தலைமேல் விழும்.